பனியில் நடக்கப் போகிறீர்களா? ஷூவைப் பற்றி அப்புறம் பேசலாம்

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் வந்தான். "மாமா, ஜனவரியில நாங்க ஆறு பேர் உத்தரகாண்ட் போறோம், பனியில நடக்க என்ன ஷூ வாங்கணும்?" என்றான். ஷூ இருக்கட்டும், அங்கே எந்தச் சரிவில் நடக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பனிச்சரிவில் மாட்டுவதும் மாட்டாததும் முதலில் அதைப் பொறுத்ததுதான்.

எங்கள் கம்மவான்பேட்டைப் பக்கம் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் குறைவு. நானும் போனவன்தான், பனிமலையில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் முகாமின் மேல் பனி சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்களே, அவர்களில் ஒருவர் நம் வேலூர் மாவட்டத்துக்காரர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிலையத்து அணி திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியபோது, அதே வருடம் எவரெஸ்ட் ஏறி வந்திருந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் இறந்துபோனார். சரியும் பனிக்கு அனுபவசாலி, புதியவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

சத்தம் போட்டால் பனி சரியும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, பெரும்பாலான விபத்துகளில் பனிச்சரிவைக் கிளப்பி விடுவது, மாட்டிக்கொண்டவரின் அல்லது கூட வந்தவரின் கால் பாரம்தான். எப்படி என்றால், சாய்வான தரையில் ரவையைக் கொட்டி அதன் மேல் ஒரு கடப்பைக் கல்லைப் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், ஏதோ பிடிப்பில் கல் நிற்கும், ஒருவர் ஏறி மிதித்தால் மொத்தமாக வழுக்கி வரும். மலையிலும் அதேதான். பனிக்காலத் தொடக்கத்தில் விழுந்த பனி, கடுங்குளிரில் ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை மாதிரி பொலபொலவென்று அடியில் கிடக்கும், அதன் மேல் புதுப்பனியும் காற்று அள்ளி வந்து போட்ட பனியும் பலகையாக இறுகிவிடும். மேலே நடக்கிறவனுக்குக் கெட்டியான தரை மாதிரிதான் தெரியும்.

30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகள்தான் அதிகம் ஆளைக் கொல்பவை. கைப்பேசியிலேயே சாய்வை அளக்கலாம், அளந்து பழகுங்கள். நீங்கள் நடக்கும் பாதை சமமாக இருந்தாலும் தலைக்கு மேலே அப்படியொரு சரிவு இருந்தால் ஆபத்து ஆபத்துதான். 2023 ஏப்ரலில் சிக்கிம் நாதுலா சாலையில் இறந்த 7 பேரும் சுற்றுலா போனவர்கள், சிகரம் ஏறப் போனவர்கள் இல்லை.

பெரிய பனிப்பொழிவு முடிந்து பளிச்சென்று வெயில் அடிக்கும் முதல் நாளில்தான் எல்லோருக்கும் கிளம்பத் தோன்றும். நான் ரொம்பப் பயப்படுவதும் அந்த நாளுக்குத்தான். ஒரே நாளில் ஓர் அடி பனி விழுந்திருந்தால் ஒன்றிரண்டு நாள் கூடாரத்திலேயே இருங்கள். காலடியில் 'உம்ப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால், பனியில் விரிசல் ஓடினால், எதிர்ச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தால், வந்த வழியே திரும்புங்கள். வழிகாட்டி "ஒண்ணும் ஆகாது" என்றாலும்! சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, அதைப் பார்த்தீர்களா என்று பணம் கட்டும் முன்பே வழிகாட்டியிடம் கேளுங்கள்.

அப்படியொரு சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொருவராகக் கடந்து போங்கள், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏனென்றால் புதைந்தவரைப் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைத்தால் பெரிது. பனிக்குள் மூச்சுக்கு வழியில்லை. ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு ஆளுக்கொரு, புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பெரிய பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேரையும் பாலாற்று மணலுக்குக் கூட்டிப் போனேன். கருவி ஒன்றைப் பையில் போட்டு, அவர்கள் பார்க்காதபோது மூன்றடி ஆழத்தில் புதைத்தேன். முதல் தடவை எடுக்க 26 நிமிடம் ஆனது, யாரும் பேசவில்லை. நான்காவது தடவை 11. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன்.