இரவில் அடியில் தங்கும் தண்ணீர்

குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை மலைப்பக்கம் ஏறும் ஜீப்புகளைப் பாறையைவிடத் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. ரப்பர் தோட்டம் கடந்தால் ஏதாவது ஓர் ஓடையில் சக்கரம் நனையும்.

பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலப் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டை மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். உள்ளே பல்சக்கரங்கள் கியர் ஆயிலில் முங்கிச் சுழல்கின்றன. ஏற்றத்தில் அது சூடேற, உள்ளிருக்கும் காற்று விரிந்து மேலுள்ள மூச்சுக்குழாய் வழியாக வெளியேறும். அதே சூட்டோடு ஓடையில் இறங்கினால் கதை தலைகீழ். உள்ளே 70 டிகிரி 25 டிகிரியாகக் குறைந்தால் காற்று சுமார் 13 சதவீதம் சுருங்கும். மூச்சுக்குழாயைச் சேறு அடைத்திருந்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் ஓரமாக ஓடைத் தண்ணீரையே கிரவுன் உறிஞ்சிக்கொள்ளும்.

அதனால்தான் கிரவுனில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்ற சோதனையைக் காலையில், வண்டியை அசைப்பதற்கு முன் செய்யச் சொல்கிறேன். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம்; இரவு முழுக்க நின்ற வண்டியில் அது அடியில் தங்கியிருக்கும். கிரவுனின் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி ஒரு டம்ளரைப் பிடியுங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் விஷயம் தெரிந்துவிட்டது. பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தால் இரண்டும் கடைந்து கலந்துவிட்டன. அது ஓர் இரவில் தெளியாது, ஆயிலை மாற்றத்தான் வேண்டும். டயர் காற்றையும் இந்த நேரத்திலேயே அளந்துவிடலாம், ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

பிரேக் ஆயிலில் சேரும் தண்ணீர் மட்டும் இப்படிக் காலையில் பிடிபடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 3 வகை புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 140 டிகிரியே அதற்கு விதித்த வரம்பு. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். ஒருமுறை எனக்கு அப்படிப் போனது. கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். அரைமணி நேரம் ஆறியதும் ஆவி திரவமாகி, பெடல் ஒன்றும் நடக்காததுபோல் கெட்டியாக நின்றது. அன்று முதல் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில், மாற்றிய மாதத்தை எழுதி ஒட்டிவைக்கிறேன். இரண்டு ஆண்டு ஆனால் பெடல் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுவேன்.