முடிவுத் தாளுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே

மன்னார்குடி, முத்துப்பேட்டை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வளைகுடா வேலைக்குப் போகிறவர் மெடிக்கலில் எச்ஐவி என்று வந்து ‘அன்ஃபிட்’ ஆனால், காரணத்தை ஊரில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் முதல் கவலை. ஏஜென்டிடம் கட்டிய பணம் அடுத்த கவலை. சிகிச்சை என்ற நினைப்பு மெதுவாகத்தான் வரும். சிலருக்கு, மாதக்கணக்கில் இருமி, உடம்பு வற்றிப் படுக்கையில் விழுந்த பிறகு. 2004 ஏப்ரலில் இருந்து அரசு இலவசமாகத் தரும் மருந்து இருந்தும் ஆட்கள் நழுவுவது இந்த இடைவெளியில்தான்.

முதல் வேலை, முடிவை உறுதி செய்வது. தனியார் லேப் தாள் ஒன்றை மட்டும் வைத்து யாருக்கும் எச்ஐவி என்று சொல்லிவிட முடியாது. அரசு மருத்துவமனையில் எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில், ஒன்றுக்கொன்று வேறுபட்ட முறையில் வேலை செய்யும் மூன்று கிட்டுகளால் பார்ப்பார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மூன்றும் ‘ரியாக்டிவ்’, அதாவது தொற்றின் அடையாளம் இருக்கிறது என்று காட்டினால்தான் உறுதி. ஒரு கிட் தப்பாகக் காட்டலாம். மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே மாதிரி தப்புவது மிக அரிது. பரிசோதனைக்கு முன் சம்மதம் வாங்க வேண்டும், முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது.

“நல்லாத்தானே இருக்கேன், அறுப்பு முடியட்டும், பார்ப்போம்” என்பது அடிக்கடி கேட்கும் பதில். இதில் பழைய விதியின் எச்சமும் உண்டு. ஒரு காலத்தில், நோய் எதிர்ப்பாற்றலைக் காக்கும் சிடி4 வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. பிறகு அந்த வரம்பு 350, 500 என்று ஏறி, 2017இல் அடியோடு எடுக்கப்பட்டது. சிகிச்சை இல்லாத உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி வைரஸ்கள் வரை உருவாகின்றன. நன்றாக நடமாடும் ஆளுக்குள்ளும் இதே கணக்குதான். அதனால் மருந்துக்குத் தயாராக இருப்பவருக்கு ஏழு நாளுக்குள், முடிந்தால் அன்றைக்கே, மாத்திரையைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் வழிகாட்டியது.

சரி, ஆளை எப்படி எச்ஐவி மருந்து தரும் சிகிச்சை மையம் வரை கொண்டுவருவது? சீட்டை எழுதிக் கையில் கொடுத்து “தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போங்க” என்று அனுப்பினால் பாதி வேலைகூட முடிவதில்லை. வேதாரண்யம் பக்கத்தில் இருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். நடவு நேரமென்றால் அதுவும் பெரிய இழப்பு. இதை அமெரிக்காவின் நான்கு நகரங்களில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் தகவலும் சீட்டும். இன்னொரு பிரிவுக்குத் தொண்ணூறு நாளுக்குள் ஐந்து தடவை வரை ஒரே பணியாளரின் சந்திப்பு. தேவைப்பட்டால் அவரே உடன் வருவார். ஆறு மாதத்தில் டாக்டரைப் பார்த்தவர்கள் முதல் பிரிவில் 60 சதவீதம், இரண்டாவதில் 78 சதவீதம். 2005இல் வெளியான அந்த ஆய்வின் நுணுக்கம் பேச்சின் திசையில் இருக்கிறது: ஆளின் குறையைக் கிளறாமல், அவர் ஏற்கெனவே எதையெல்லாம் சமாளித்தார் என்று கேட்பது. நம்மூரில் அந்தக் கேள்வி, “கஜா புயல்ல தென்னையெல்லாம் சாஞ்சப்ப எப்படிண்ணே எழுந்தீங்க, யார் கைகொடுத்தா?” என்று இருக்கலாம். அப்போது வாயில் வரும் பெயர்தான், மருத்துவமனைக்குக் கூட வரக்கூடிய ஆளின் பெயரும்.

ஆலோசகரிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று: சொந்த ஊர் மருத்துவமனையில் தெரிந்த முகம் இருக்குமென்று பயந்தால், வேறு மாவட்ட மையத்தில் பதிந்துகொள்ளலாம். பஸ் செலவு கூடும். ஆனால் வராமலே போவதைவிட மேல்.

முதல் நாள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. உறுதி செய்த அறிக்கையும் அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும். பதிவு, ஆலோசகர், ரத்தம் எடுப்பு, டாக்டர் என்று நகரும். சிடி4, ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கல்லீரல் நொதி, மஞ்சள் காமாலை பி, சி பார்ப்பார்கள். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை என்று நாலு கேள்வி கேட்பது காசநோய்க்காக. ‘ஆமாம்’ என்று சொன்னால் மருந்து தள்ளிப்போகுமோ என்று மறைப்பவர்கள் உண்டு. மறைப்பது ஆபத்து. காசநோய் மூளை உறையைத் தாக்கியிருந்தால், எச்ஐவி மருந்தை நாலு முதல் எட்டு வாரம் தள்ளித்தான் தொடங்க வேண்டும். திடீரென்று விழித்த எதிர்ப்பாற்றல், ஒளிந்திருக்கும் கிருமியோடு மோதி மூளையை வீங்கவைத்துவிடும்.

மாத்திரை ஒன்றுதான், தினம் ஒரு வேளை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். தவறு நேர்வது பெரும்பாலும் பக்கத்து மாத்திரைகளால். ரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்து மூன்றும் டோலுடெக்ராவிரைக் கட்டிப்போட்டு, ரத்தத்தில் சேரவிடாது. எச்ஐவி மாத்திரையை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பு, அல்லது ஆறு மணி நேரம் கழித்துப் போட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு அது நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடினால், டோலுடெக்ராவிர் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. வீட்டில் யாரும் பார்த்துவிடாமல் இருக்க மாத்திரையை வெற்றிலைப் பெட்டிக்கோ பொட்டலத்துக்கோ மாற்றுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அது கெட்டுப்போகும். லேபிளைக் கிழித்தாலும் பரவாயில்லை, டப்பாவை மாற்றாதீர்கள்.

ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்று பார்ப்பார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு அது 200க்குக் கீழேயே நிற்கும்வரை உடலுறவு மூலம் தொற்று பரவாது. கல்யாணம், குழந்தை பற்றிய பேச்சை ஆலோசகர்கள் முதல் நாளே இதிலிருந்து தொடங்கினால், மறுமுறை வருகிறவர்கள் கூடுவார்கள்.

தண்ணீர் வராத வருஷத்தில் திருப்பூருக்குக் கிளம்புகிறவர்கள், போவதற்கு முன், அங்கே உள்ள மையத்தில் மருந்தைத் தொடர மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் முடியாவிட்டால், சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தையாவது போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1097க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.