பெயர் கேட்காத படிவத்தில் இருந்த ஊழியர் எண்

ஒரு நிறுவனத்தின் மென்பொருள்களைப் பாதுகாப்புத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். அவற்றில் ஒன்று ஊழியர்களுக்கான புகார்ப் படிவம். 'உங்கள் பெயர் பதிவாகாது' என்று மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். டேட்டாபேஸைத் திறந்தால், ஒவ்வொரு புகாருக்கும் பக்கத்துக் கட்டத்தில் ஊழியர் எண் இருந்தது. தன் மேலாளர் போலி பில் போடுவதாக ஒருவர் எழுதியிருந்த வரியிலும் இருந்தது.

அதைச் செய்த இளைஞரிடம் கேட்டேன். அவர் மனதில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. "வெளியாள் யாரும் புகார் போடக் கூடாது, ஒரே ஆள் பத்துத் தடவை போடக் கூடாது. அதுக்கு யாருன்னு தெரிஞ்சாகணுமே சார்" என்றார்.

தெரிய வேண்டியதில்லை. என் தொழிலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். 1991-இல் டேவிட் சாம், யூஜின் வான் ஹெய்ஸ்ட் என்ற இரு மறையாக்க ஆய்வாளர்கள் குழுக் கையொப்பம் என்ற டிஜிட்டல் கையொப்ப முறையை முன்வைத்தார்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் கையொப்பமிடத் தனித்தனி ரகசியச் சாவி, அதாவது வேறு யாருக்கும் தெரியாத ஒரு நீளமான எண். ஆனால் யார் போட்ட கையொப்பமானாலும், குழு முழுவதற்கும் பொதுவான ஒரே பொதுச் சாவியை வைத்துச் சரிபார்த்துவிடலாம். 'எங்கள் ஊழியர்களில் ஒருவர்தான்' என்பது உறுதியாகும். எந்த ஊழியர் என்பது தெரியாது. இரண்டு கையொப்பங்கள் ஒரே ஆளுடையவையா என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த முறையில், தகராறு வந்தால் கையொப்பத்தைத் திறந்து ஆளைக் காட்டவும் ஒரு வழி உண்டு. அந்தத் திறப்புச் சாவி யார் கையில் இருக்கிறது? மனிதவளத் துறைத் தலைவரின் லேப்டாப்பில் என்றால், ஊழியர் எண்ணைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாவியைப் பல பங்காக்கி, வெளி வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைக்கலாம். புகார்ப் பெட்டிக்குத் திறப்புச் சாவியே வேண்டாம் என்பது என் கருத்து. அப்படியும் கட்ட முடியும். கணினியில் இருக்கும் டிபிஎம் (TPM) என்ற பாதுகாப்புச் சில்லு, எந்தக் கணினி என்று சொல்லாமலே தான் அசல் என்று நிரூபிப்பதற்காக 2004-இல் வந்த நேரடி அநாமதேய உறுதிமுறை, திறப்புச் சாவி இல்லாத குழுக் கையொப்பம்தான்.

சரி, பத்துத் தடவை போடுவதை எப்படித் தடுப்பது? அதற்கு அநாமதேயச் சான்று உதவும். சாம் 1985-லேயே எழுதிய யோசனை இது. 2001-இல் காமெனிஷ், லிசியான்ஸ்கயா என்ற இரு ஆய்வாளர்கள் நடைமுறைக்கு ஏற்ற வடிவம் தந்தார்கள். நிறுவனம் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு சான்று கொடுக்கிறது. புகார் போடும்போது சான்றைக் காட்டுவதில்லை. 'என்னிடம் ஒன்று இருக்கிறது' என்பதை மட்டும் நிரூபிக்கிறோம். கூடவே, சான்றுக்குள் இருக்கும், நமக்கு மட்டுமே தெரிந்த ரகசிய எண்ணையும் 'மார்ச் மாதப் படிவம்' என்ற பெயரையும் சேர்த்து ஒரு எண் பிறக்கிறது. அதே ஆள் மார்ச்சில் மறுபடி போட்டால் அதே எண் வரும், பிடிபடும். ஏப்ரலில் வரும் எண்ணுக்கும் இதற்கும் தொடர்பு கண்டுபிடிக்க முடியாது. சான்று கொடுத்த நிறுவனத்தாலும் முடியாது.

இந்தக் கணிதம் காப்பது கையொப்பத்தை மட்டும்தான். அலுவலக லேப்டாப்பிலிருந்து போட்டால், இணையத்தில் அந்தக் கணினியை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரி காட்டிக் கொடுக்கும். நான்கே பேர் உள்ள பிரிவைப் பற்றி எழுதினால் எழுத்து நடையே போதும். இன்றைக்கு உங்கள் கைக்கு வரும் படிவம் லாகின் கேட்டால், அல்லது உங்களுக்கென்று வந்த லிங்க்கின் வாலில் நீளமான எழுத்துக்கோவை இருந்தால், உங்கள் பெயர் பதிவாகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிறுவனத்தில் ஊழியர் எண் கட்டத்தை நீக்கினார்கள். அப்புறம் பேக்கப்பில் இருந்த பழைய பிரதிகளையும் தேடி அழித்தார்கள். புது முறை தயாராகும்வரை படிவத்தின் தலைப்பில் 'இது அநாமதேயப் படிவம் அல்ல' என்று மாற்றி எழுதச் சொன்னேன். மறுநாளே மாற்றிவிட்டார்கள்.