கன்ஃபர்மேஷன்: டிக்கெட்டுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று

ஓசூர் பக்கம் ஜாதி நாய் வளர்ப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் 'கன்ஃபர்மேஷன் ஷோ' என்ற சொல் வந்து விழுந்துவிடும். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான் என்பதால், அங்கே நடக்கும் கண்காட்சிகளுக்கு நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வருகிறவர்கள் உண்டு. புதிதாகக் குட்டி வாங்கியவர்களோ இதை ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நாய் அசல் ஜாதிதான் என்று சரிபார்த்துச் சீட்டுக் கொடுக்கும் இடமாக்கும் என்று நினைப்பு. உண்மையில் அது, நாயின் உடல் அதன் இனத்துக்குரிய விதத்தில் அமைந்திருக்கிறதா என்று நடுவர் பார்க்கும் போட்டி.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் நடுவே ஓர் உயிரெழுத்து வேறுபடும். டிக்கெட் சங்கதி, 'உறுதியான' என்று பொருள்படும் 'ஃபிர்முஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாய் சங்கதிக்கு வேர் 'ஃபோர்மா', அதாவது வடிவம். அதன் முன்னால் 'கூட, ஒன்றாக' என்ற பொருள் தரும் 'கான்' சேர்ந்து, உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி அமைந்த விதத்தைக் குறிக்கிறது. குதிரைக்கும் மாட்டுக்கும்கூட இதே சொல்தான். வேதியியலிலும் உண்டு: மேல்நிலைப் பாடநூலில் 'வச அமைப்பு' என்று படித்தோமே, அது.

நாய்களை இப்படி வரிசையில் நிறுத்திப் பார்க்கும் வழக்கத்துக்கு 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த கண்காட்சியைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அதில் பாயின்டரும் செட்டரும் மட்டும்தான், இரண்டும் வேட்டைக்காரர்களின் நாய்கள். 1873இல் அங்கே ஜாதி நாய்களுக்கான சங்கமான கென்னல் கிளப் வந்தது. ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்ததை 'பிரீட் ஸ்டாண்டர்ட்' என்கிறார்கள். இதற்கு 'இன இலக்கணம்' என்பதைவிட நல்ல தமிழ் கிடைக்காது. நம் ஊரில் மாட்டுக்கு லட்சணம் பார்க்கிறோம், அந்த லட்சணமும் இலக்கணமும் ஒரே சொல்தான்.

ரிங்கில், அதாவது போட்டிக் களத்தில், ஒரு சிப்பிப்பாறை நாயை நிறுத்துவதைப் பார்த்தால் சொல்லின் பொருள் பிடிபடும். நாயைப் பிடித்து நிறுத்திக் காட்டும் ஹேண்ட்லர் முன்னங்கால்களைத் தோளுக்கு நேர் கீழே தூண்போல வைப்பார். பின்னங்காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, குதிமூட்டிலிருந்து பாதம்வரை நேர்க்குத்தாக நிற்கும்படி செய்வார். இதற்குப் பெயர் 'ஸ்டாக்'. சட்டைப்பையில் வேகவைத்த ஈரல் துண்டு இருக்கும். அதன் மேல் கண் வைத்தே நாய் கழுத்தைத் தூக்கி நிற்கும். நெஞ்சு இறங்கி, அடிவயிறு ஏறி, இடுப்பு ஒட்டியிருக்கிறதா என்று நடுவர் கையால் தடவிப் பார்ப்பார். முயல் துரத்தப் பிறந்த இனம். நுரையீரலுக்கு இடமும் வளைந்து பாய இடுப்பும் வேண்டும். பிறகு ஓட்டம். போகும்போது பின்பக்கமும் திரும்பி வரும்போது முன்பக்கமும் தெரியும். வட்டமாக ஓட்டினால் பக்கவாட்டில் கால் எட்டி வைப்பது எவ்வளவு நீளம் என்று தெரியும். நிற்கும்போது மறைத்த குறையெல்லாம் ஓட்டத்தில் வெளியே வந்துவிடும்.

வாயைத் திறந்து பல் பார்ப்பதும் உண்டு. காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் மாட்டுக்கு ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்ப்பது வயது தெரிய. நாய் நடுவர் பார்ப்பது கடி எப்படி அமைந்திருக்கிறது என்று. பெரும்பாலான இனங்களுக்கு மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை உரசினாற்போல் முன்னால் அமர வேண்டும். பாக்ஸர் இன நாய்க்கோ கீழ்த்தாடை முந்தி நிற்பதுதான் சரி. அதே தாடை ராஜபாளையத்துக்கு இருந்தால் குறை. குட்டியிலிருந்தே வாயைத் தொட்டுப் பழக்காவிட்டால் அந்நியர் கை பட்டதும் நாய் மிரளும், எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். போட்டிக்கு நாயைப் பழக்குவதில் பாதி இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'உடலமைப்பு' தவறில்லை, ஆனால் எந்த உடலுக்கும் ஓர் அமைப்பு உண்டு. இனத்துக்குப் பொருந்தியது என்ற செய்தி அதில் இல்லை. 'உடற்கட்டு' என்றால் எண்ணெய் தடவிய ஆணழகன் நினைவுக்கு வந்துவிடுகிறார். 'அங்க லட்சணம்' நெருங்கி வருகிறது. ஆனால் மாட்டுக்காரர்கள் அதோடு சுழியையும் ராசியையும் சேர்த்துவிடுகிறார்கள். என் ஓட்டு 'உடல்வாகு'க்குத்தான். வாகாக உட்கார், கைக்கு வாகான அரிவாள் என்கிறோமே, அந்த வாகு. வேலைக்குப் பொருந்திய அமைவு என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. 'உடல்வாகுப் போட்டி' என்றால் கிருஷ்ணகிரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

செய்திகளில் வரும் 'நாய்கள் அழகுப் போட்டி'யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாங்கனிக் கண்காட்சியை ஒட்டி ஊர்மக்கள் தங்கள் நாய்களைக் கொண்டுவந்து காட்டும் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். உடல்வாகுப் போட்டியின் கணக்கு வேறு. அடுத்த தலைமுறைக்கு எந்த நாயை இணைசேர்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க உருவானது அது. ஆண் நாய்க்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று நடுவர் தொட்டுப் பார்ப்பது அதனால்தான். குடும்பக் கட்டுப்பாடு செய்த நாய்களை இந்தப் போட்டிகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஆபரேஷன் முடிந்த நாய் வைத்திருப்பவர்கள் நுழைவுக் கட்டணம் கட்டும் முன் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. கீழ்ப்படிதல் போட்டிகளில் இந்தத் தடை பெரும்பாலும் இருக்காது.