கூறைச்சேலையின் பச்சைக் கரை எங்கே போனது? காணொளிச் சுருக்கத்தில் நிறம் தொலையும் விதம்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளையும் சாமத்திய வீடுகளையும் ஒளிப்பதிவு செய்து, தொகுத்து, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்பிவைப்பது என் தொழில். ஒருமுறை ரொறன்ரோவிலிருந்து மணமகளின் தாயார் அழைத்து, "தம்பி, பிள்ளையின்ர கூறையில பச்சைக் கரை ஒண்டு ஓடினது, வீடியோவில அதைக் காணேல்லையே" என்று கேட்டார். படத்தை நிறுத்திப் பெருப்பித்துப் பார்த்தேன். சிவப்புப் பட்டின் ஓரத்தில் கடும்பச்சையாக ஓடியிருக்க வேண்டிய மெல்லிய கோடு, மண்ணிறமாகக் கலங்கிச் சிவப்புக்குள் கரைந்துபோயிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே சரிகைப் பூ வேலைப்பாடு ஒவ்வோர் இழையாக எண்ணக்கூடிய அளவுக்குத் துல்லியமாக இருந்தது.

கமரா பிடிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளும் அப்படியே கோப்பில் பதிவாவதில்லை. அவை முதலில் ஓர் ஒளிர்வு அளவாகவும், நீல வேறுபாடு, சிவப்பு வேறுபாடு என்ற இரண்டு நிற அளவுகளாகவும் மாற்றப்படுகின்றன. ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்து அனுப்பும் இந்த வழியைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோர்ஜ் வலென்சி 1938இலேயே முன்வைத்திருந்தார். வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரித்தறியும் நமது கண், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிவதில்லை. அதனால் 4:2:0 என்ற முறையில், நான்கு பிக்சல்கள் கொண்ட ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு ஒளிர்வு அளவுகளை வைத்துக்கொண்டு, இரண்டு நிற அளவுகளிலும் ஒவ்வொன்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 1920×1080 படமொன்றில் இருக்க வேண்டிய 62,20,800 அளவுகள் 31,10,400 ஆகக் குறைகின்றன. காணொளியைச் சுருக்கி விரிக்கும் முறையான கொடெக் தன் வேலையைத் தொடங்கும் முன்னரே பாதி போய்விடுகிறது; ஒரு நிற அளவு மட்டும் அடங்கிய படமான நிறத் தளத்தின் அளவு 960×540 ஆகிவிடுகிறது.

பெரும்பாலான காட்சிகளில் இந்த இழப்பு தெரியாது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் சிவப்பு வெள்ளை வரி மதிலை எந்தக் கமராவில் எடுத்தாலும் கோடுகள் கூராகவே நிற்கும். ஏனெனில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு மிகப் பெரியது, அந்த விளிம்பை ஒளிர்வுத் தளமே முழுமையாகத் தாங்கிவிடுகிறது. சிவப்பும் கடும்பச்சையும் அருகருகே வரும்போது நிலைமை வேறு. எச்.டி. ஒளிபரப்புக்கான பி.டி.709 தரத்தில் ஒளிர்வுக்குச் சிவப்பின் பங்கு 0.2126 மட்டுமே, பச்சையின் பங்கு 0.7152. ஆகவே நல்ல சிவப்பும் மங்கிய பச்சையும் ஒரே ஒளிர்வில் வந்து நிற்பது எளிது. அப்போது ஒளிர்வுத் தளத்துக்கு அங்கே ஒரு விளிம்பு இருப்பதே தெரியாது. ஒரு பிக்சல் அகலமே உள்ள கரை, நான்குக்கு ஒன்றாகச் சராசரி எடுக்கப்படும்போது மண்ணிறமாகிவிடும். கூறைச்சேலைக்கு நேர்ந்தது இதுதான்.

புதிய கொடெக்குகள் இதில் புத்திசாலித்தனமான வழியொன்றை எடுத்திருக்கின்றன. 2018இல் வெளிவந்த ஏ.வி.1, ஒளிர்வைப் பார்த்து நிறத்தைக் கணிக்கிறது. பட்டின் மடிப்பில் நிழல் விழுந்து ஒளிர்வு இறங்கும் இடத்தில் சிவப்பும் ஒரு விகிதத்தில் இறங்கும் என்பதால், அந்த விகிதத்தை மட்டும் அனுப்பினால் போதும். 2020இல் வந்த வி.வி.சி. அந்த விகிதத்தைக்கூட அனுப்புவதில்லை. ஏற்கெனவே விரிக்கப்பட்ட அயல் பிக்சல்களிலிருந்து, சுருக்கும் பக்கமும் விரிக்கும் பக்கமும் அதைத் தாமே கணக்கிட்டுக்கொள்கின்றன. நிறத்தை எறியாமல் சிக்கனப்படுத்தும் இந்த வழியை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒளிர்வு மாறாமல் நிறம் மட்டும் மாறும் நமது பச்சைக் கரையில் கணிப்பதற்குப் பிடிமானமே இல்லை. அங்கே வேண்டிய பிட்டுகளைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆகவே தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் நான் வற்புறுத்திக் கேட்பது, கமராவில் 4:2:2 (நிறத்தை அகலத்தில் மட்டும் பாதியாக்கும் முறை), 10 பிட் வசதி இருந்தால் கார்ட் நிறைந்துவிடும் என்று அஞ்சி அதை அணைத்துவைக்க வேண்டாம் என்பதே. 8 பிட்டில் ஒரு நிற அளவுக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024; மணவறைக்குப் பின்னால் எல்.ஈ.டி. வெளிச்சம் மெல்ல மங்கும் திரையில் பட்டைபட்டையாக வரி விழுவது இதனால் பெரிதும் குறையும். 4:2:0 மட்டுமே உள்ள கமராவானால் 4கேயில் எடுங்கள். 3840×2160 படத்தின் நிறத் தளம் 1920×1080 ஆக இருப்பதால், முழு எச்.டி. படத்துக்கு வேண்டிய நிறம் முழுவதும் அதற்குள் இருக்கும். தொகுக்கும்போது இடைக் கோப்புகளைப் புரோரெஸ் 422 போன்ற, தொகுப்புக்கென்றே உள்ள, குறைவாகச் சுருக்கும் வடிவத்தில் வைத்து, இறுதியில் ஒரே ஒரு தடவை மட்டும் சுருக்குங்கள். எச்.ஈ.வி.சி. என்ற கொடெக்கில் சுருக்கும்போது சிவப்பு வேறுபாட்டுத் தளத்தின் குவாண்டைசேஷன் அளவை (எண்களை எவ்வளவு பரும்படியாக முழுமையாக்குவது என்ற அளவை) மட்டும் தனியே இரண்டு மூன்று படி இறக்கலாம்; கோப்பு சற்றே பெருக்கும், பட்டின் சிவப்பு கலங்காது. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதைத் திரும்ப எடுத்து அல்பத்துக்கோ திரைக்கோ பயன்படுத்த வேண்டாம். அது மீண்டும் சுருக்கப்பட்ட பிரதி.

அந்தத் தாயாருக்காகப் பழைய கார்ட்டுகளைத் தேடி எடுத்தேன். கலியாணத்தை இரண்டு கமராக்களில் எடுத்திருந்தோம். முதற் கமராவின் 4கே பதிவில் பச்சைக் கரை தெளிவாக இருந்தது. தொகுக்கும்போது நான் முழு எச்.டி. 4:2:0 இடைக் கோப்பாக மாற்றியதுதான் அதை அழித்திருந்தது. அந்தக் காட்சிகளை மூலத்திலிருந்து மறுபடி தொகுத்து, 4கேயாகவே அனுப்பினேன். தாலி கட்டும் காட்சியை நெருக்கமாக எடுத்தது மற்றக் கமரா. அது முழு எச்.டி.யில், 4:2:0 ஆகப் பதிவு செய்திருந்தது. அந்த ஒன்றரை நிமிடத்தில் கரை இன்றும் மண்ணிறமாகவே இருக்கிறது.