டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் பார்ப்பார்கள்?

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை முடிந்து கிளம்புபவரிடம் மருத்துவர்கள் தவறாமல் சொல்வது: "தினமும் எடை பாருங்க." உடல் பருமனுக்காகச் சொல்வதில்லை. இதயம் சரியாகப் பம்ப் செய்யாவிட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடலில் நீர் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, அது உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. தேங்கும் ஒவ்வொரு லிட்டரும் எடையில் ஒரு கிலோ. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நிலை வருவதற்குச் சில நாள் முன்பே எடை மிஷின் இதைப் பல சமயம் காட்டிவிடும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். நீர் மாத்திரையின் அளவை அவர் கொஞ்சம் கூட்டினாலே நிலைமை தணிந்துவிடக்கூடும்.

இந்தச் சில நாள் அவகாசத்தை நம்பித்தான் தொலைமருத்துவம் நடக்கிறது. எடை, ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ஆக்சிஜன் அளவு எல்லாம் வீட்டிலிருந்தே மருத்துவக் குழுவுக்குப் போய்விடும். ஆனால், நோயாளி தினமும் அளந்தால்தானே?

அமெரிக்காவில் 1,653 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்கு அழைத்து, அறிகுறிகளையும் எடையையும் சொல்லவேண்டும். அந்தச் சேவை கொடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 14 சதவீதம் பேர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. ஆறு மாத முடிவில், வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் 55 சதவீதம்தான். மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் குறையவில்லை.

ஜெர்மனியில் 1,571 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் கதையே வேறு. கருவிகளைப் பயன்படுத்தச் செவிலியர் பழக்கிக் கொடுத்தார்கள். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் மையத்தில் 24 மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். இந்தச் சேவை கொடுக்கப்பட்டவர்களில் 97 சதவீதம் பேர், அனுப்பவேண்டிய அளவுகளில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் அனுப்பினார்கள். இறப்பு விகிதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் ஆண்டுக்கு 100 பேருக்கு 11.3; இவர்களிடம் 7.9தான்.

இரண்டு ஆய்வுகளிலும் நோயாளிகளும் சூழலும் வேறு என்பதால் ஒரே காரணத்தைக் கைகாட்ட முடியாது. ஆனாலும் எனக்குப் படுவது இதுதான்: நோயாளி ஏற்பதும் மறுப்பதும் கருவியைப் பார்த்து அல்ல, மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்பதைப் பார்த்துத்தான். பயனுள்ளது, சுலபமானது என்று தோன்றினால்தான் மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது அலுவலகக் கணினி மென்பொருள்களை. மூச்சுத் திணறி ஒருமுறை பிழைத்து வந்தவருக்கு இவற்றோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. நேற்று 68.2, இன்று 69.4. அந்த எண்ணை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "பார்த்தோம், கால் வீங்கியிருக்கா?" என்று மதியத்துக்குள் ஒரு செவிலியர் கேட்டால், மறுநாளும் மிஷினில் ஏறுவார். பதிலே இல்லையென்றால் அளப்பது வெறும் வேலை. பயம் மட்டும் மிச்சம். எண் சரியாக இருக்கும் நாளிலும் "எல்லாம் நார்மல்" என்று ஒரு வரி வரவேண்டும்.

விளக்கும் நேரமும் முக்கியம். டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டு, பில், வண்டி என்ற பரபரப்பில் கருவியைக் கையில் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு வாரம் கழித்து வீட்டிலேயே, கூட இருந்து கவனிப்பவரையும் வைத்துக்கொண்டு, இன்னொரு முறை செய்துகாட்டவேண்டும்.

ஜெர்மன் ஆய்வில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஆனால், இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருக்கிறது. மாத்திரையை விட்டுவிடுவதும் எடை பார்க்காமல் இருப்பதும் அவர்களிடம்தான் அதிகம். அவர்களுக்குக் கருவியைக் கொடுப்பதற்கு முன், மனச்சோர்வுக்குச் சிகிச்சையைத் தொடங்கவேண்டும்.