கண்ணடிக்கவில்லை டீச்சர், கண் அடித்துக்கொள்கிறது

எட்டாம் வகுப்புப் பையன். பக்கத்து பெஞ்சு மாணவியைப் பார்த்துக் கண்ணடிக்கிறான் என்று பள்ளியில் புகார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அப்பா, அம்மா, அப்பத்தா மூவரும் அவனைக் கூட்டிக்கொண்டு மதுரையில் என் அறைக்கு வந்தார்கள். (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பையன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இருபது நிமிடம் பேசினோம், கண்ணில் ஒன்றுமே இல்லை.

"பாத்தீங்களா, இங்க வந்தா ஒழுங்கா இருக்கான். அப்ப வேணும்னுதான செய்றான்?" என்றார் அப்பா.

தண்ணீர் குடித்துவிட்டு வா என்று பையனை வெளியே அனுப்பினேன். கதவு இடுக்கில் அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். வராண்டாவில் அவன் வலது கண் இறுக மூடித் திறந்தது, ஐந்தாறு தடவை. கழுத்து ஒரு பக்கமாக வெட்டியது. தொண்டையிலிருந்து "க்ம்... க்ம்" என்று ஒரு செருமல். உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் வட்டியோடு வெளியே வந்துகொண்டிருந்தது.

உளவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இதன் பெயர் டூரெட் சின்ட்ரோம். ஜில் டி லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. தானாக வரும் இந்தச் சட்டென்ற அசைவையும் ஒலியையும் 'டிக்' என்கிறோம். 18 வயதுக்குள் தொடங்கி, பலவகை அசைவு டிக்குகளும் ஒரு ஒலி டிக்காவது சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் விட்டு விட்டு நீடித்தால் அது டூரெட். ஒரு சில மாதம் கண் சிமிட்டிவிட்டுத் தானே நின்றுபோகும் பிள்ளைகள் ஏராளம், அது வேறு. பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் கண்ணில்தான் ஆரம்பிக்கும். பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும். பதின்பருவம் முடியும்போது பலருக்கு நன்றாகக் குறைந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம்.

என்னிடம் வருவதற்குள் குடும்பங்கள் ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிடுகின்றன. கண் சிமிட்டினால் முதலில் கண் டாக்டர். கண்ணில் குறை இல்லை என்று அவர் சரியாகத்தான் சொல்லி அனுப்புவார். செருமினால் காது மூக்கு தொண்டை டாக்டர், அலர்ஜி சிரப். கழுத்து வெட்டினால் வலிப்பு என்று பயந்து ஸ்கேன். டிக் வரும்போது பிள்ளைக்கு நினைவு தப்பாது, கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். வலிப்பை அப்படி அடக்க முடியாது. நடுவில் தர்காவில் மந்திரிப்பு, பாண்டி கோயிலில் கயிறு. கயிறு கட்டியதைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. யாரையும் வலிக்கச் செய்யாத வரை அது குடும்பத்தின் நம்பிக்கை. சூடு போட்ட தழும்போடு ஒரு பிள்ளை வந்தபோது மட்டும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சரி, அடக்க முடியுமென்றால் ஏன் அடக்கக் கூடாது? ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எனக்குச் சொன்ன பதில்: "தொண்டைக்குள்ள எறும்பு நிக்குது. சத்தம் போட்டாத்தான் போகும். ஆனா திரும்பி வந்துரும்." டிக்குக்கு முன்னால் இப்படி ஒரு அரிப்போ இறுக்கமோ வரும். கொசு கடித்த இடத்தை வகுப்பு முழுக்கச் சொறியாமல் இருந்து பாருங்கள், கணக்குப் பாடம் எவ்வளவு மண்டையில் ஏறுகிறதென்று. களைப்பு, பயம் மட்டுமல்ல, சந்தோஷமும் அதைக் கூட்டும். சித்திரைத் திருவிழா வாரத்தில் டிக் அதிகமாகிவிட்டது என்று பதறி வருபவர்கள் உண்டு. எதிர்சேவைக்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்து, காலையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டத்தில் நின்ற பிள்ளைக்கு அது கூடத்தான் செய்யும். ஒரு வாரம் தூங்கட்டும், இறங்கிவிடும்.

நம் ஊரில் உடம்பின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு அர்த்தம் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொல்லை. பெரியவர் வாசலில் நின்று செருமினால் அது வருகையைச் சொல்லும் மரியாதை. பையன் வாத்தியார் முன்னால் செருமினால் நக்கல். தோளைக் குலுக்கினால் திமிர். கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, கெட்ட வார்த்தை. டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை பேசும் நோய் என்று இணையத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது பத்தில் ஒருவருக்கு, சற்றுக் கூடுதலாகச் சொன்னாலும் ஏழில் ஒருவருக்குத்தான் வரும். வந்தாலும் அதுவும் டிக்தான், வளர்ப்பின் குறை அல்ல.

வளர்ப்பு என்ற சொல் எப்போதும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. அந்த உசிலம்பட்டி அம்மா அன்று பேசிய ஒரே வாக்கியம், "நான் போன் குடுத்துப் பழக்கிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க." போன் கொடுத்ததால் டூரெட் வராது. அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மூளையில் அசைவுகளை வடிகட்டும் பகுதியின் வேலையில் உள்ள மாறுபாடு இது. இதைச் சொன்னதும் அப்பா தன் கழுத்தை ஒரு தடவை தடவிக்கொண்டார். அவருக்கும் சின்ன வயதில் தலையை வெட்டும் வழக்கம் இருந்தது என்று அப்பத்தாதான் போட்டு உடைத்தார். போன் ஒரு விதத்தில் உதவவும் செய்யும்: வீட்டில் பிள்ளைக்குத் தெரிந்தே இரண்டு நிமிட வீடியோ எடுத்து வாருங்கள். டாக்டர் முன்னால் டிக் ஒளிந்துகொள்ளும் என்பதால் பல நேரம் அந்த வீடியோதான் நோயைக் கண்டுபிடிக்க உதவுகிறது.

சிகிச்சை எல்லோருக்கும் தேவையில்லை. டிக்கால் வலி, அடி, படிப்புத் தடை, கேலி இருந்தால் தேவை. அரிப்பு வரும் நொடியைக் கவனித்து, டிக்குக்கு எதிரான வேறொரு அசைவைச் செய்யப் பழக்கும் பயிற்சி இருக்கிறது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 126 பிள்ளைகளில் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நன்கு முன்னேறினார்கள். பொதுவான ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மாத்திரை வேண்டுமா என்பதை மனநல மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ முடிவு செய்வார். தூக்கக் கலக்கம், எடை கூடுதல் போன்ற பக்கவிளைவுகள் வரலாம். ஆனால் மாத்திரையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். டிக்குக்குக் கொடுக்கும் குளோனிடின் என்ற மாத்திரையை அப்படி நிறுத்தினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும். பல பிள்ளைகளுக்கு டிக்கைவிட அதனுடன் வரும் கவனக்குறைவும், திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் எண்ணச் சுழற்சியும்தான் பெரிய பாரம். அதற்கான சிகிச்சையையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டிக்கைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். "நிறுத்து" என்று சொன்னால் கூடும். ஐயோ பாவம் என்று வீட்டுப்பாடத்திலிருந்து விடுவித்தாலும் கூடும். பேச்சு நடுவில் டிக் வந்தால் பேச்சைத் தொடருங்கள், அவ்வளவே.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சொல்வேன். தமிழில் இதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு என்பதால் நானே ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்:

"ஐயா / அம்மா, என் மகனுக்கு டூரெட் என்ற நரம்பியல் பிரச்சினை இருக்கிறது. அவன் கண் சிமிட்டுவதும் செருமுவதும் தானாக வருபவை, தொற்றாது. தயவுசெய்து வகுப்பில் அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். அதிகமாகும்போது சில நிமிடம் வெளியே போய்வர அனுமதியுங்கள். தேர்வை ஓரமான இடத்தில் எழுத விடுங்கள். யாராவது கேலி செய்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். மருத்துவர் சான்று இணைத்துள்ளேன்."

மற்ற மாணவர்களுக்குச் சொல்லலாமா என்பதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சிலருக்கு அது விடுதலை, சிலருக்கு அவமானம்.

பணம் ஒரு தடையாக இருந்தால் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இரவில் தூக்கம் வராமல் அழும் அம்மாக்களுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் டூரெட்டுக்குத் தனிப் பெயர் கிடையாது. கற்றல் குறைபாடு போன்றது கூடவே இருந்தால் அதற்கான சான்றிதழைக் கேளுங்கள்.

அந்தக் குடும்பம் இரண்டு மாதம் கழித்து வந்தது. கண் சிமிட்டல் கொஞ்சம் குறைந்து, மூக்கை உறிஞ்சுவது புதிதாக வந்திருந்தது. டிக் இப்படித்தான் இடம் மாறும். வரும் வழியில் பஸ்ஸில் ஒரு ஆள் பையனையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்து, "என்னப்பா, கண்ணுல என்ன?" என்று கேட்டாராம்.

அப்பத்தா திரும்பி உட்கார்ந்து சொன்னாராம்: "அது அவனுக்கு அப்பிடித்தேன், வரும் போகும். நீங்க டிக்கெட் எடுத்துட்டீகளா?"